கொத்தனார் கல்வி

நம் கலாசாலையிற் பயின்றோர் தூத்துக்குடியில் வீடு கட்டத் தொடங்கின், மனைப் பத்திரத்தைப் பத்துமுறை வாசிப்பர். சுவரெழுப்பும் கொத்தனார் எங்கே தொழில் கற்றாரென்று ஒருமுறையேனும் வினவார். இது பெரும் பிழையென்பது எமது அபிப்பிராயம்.

இக்கரையின் உப்புக்காற்று கைத்திறக் குறைவை மன்னிப்பதில்லை. சுண்ணாம்புக் காரையாற் கட்டிய பழஞ்சுவர்களுள் துருப்பிடிக்கக் கம்பியில்லை. இக்காலத்துக் கான்கிரீட்டின் பலமோ கம்பியிலிருக்கிறது. உப்பு உட்சென்று கம்பியைத் தொடுமாயின் துரு உண்டாகும்; அத்துரு இரும்பினும் மிகுதியான இடங்கொள்வதாற் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஆதலாலன்றோ, 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி, வெயில் மழை படாத இடத்திற் கம்பியை 20 மில்லிமீட்டர் கனத்துக்கு மூடினாற் போதுமென்றும், உப்புக்காற்று நிறைந்த கரையில் 45 மில்லிமீட்டர் வேண்டுமென்றும் கூறுகிறது! விதியை எழுதினவர் இஞ்சினியர். அதைக் காப்பவரோ சாரத்தின்மேல் நிற்கும் தொழிலாளி. கம்பிக்கடியில் வைக்கவேண்டிய சிறு கட்டையை அவர் மறந்தாலும், கலவை எளிதில் ஓடும்பொருட்டு ஒரு வாளி நீரை அதிகமாய் வார்த்தாலும், பூச்சு முடிந்தபின் எவர் கண்ணுக்கும் தெரியாது.

அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? சித்தாளாய்ச் சேர்ந்து, கலவை சுமந்து, மேஸ்திரியின் கையைப் பார்த்துப் பழகினார். மேஸ்திரியின் திறமையோடு அவர் பிழையும் சீடனுக்குச் சொத்தாகிறது. பெண்ணாயின் அவ்வளவுமில்லை; இருபது வருஷம் சட்டி சுமந்தவளும் கரண்டி பிடிப்பது அரிது.

நம் மிஷனரிமார் இதனை அறியாதவரல்லர். பெரும்பஞ்சத்தையடுத்து 1878இல் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் கைத்தொழிற் பாடசாலையை நிறுவினார். 1847இல் தொடங்கி 1880இற் பிரதிஷ்டையான இடையன்குடி ஆலயத்தைக் கட்டுங்கால், கால்டுவெல் ஐயர் சிற்ப வேலைப்பாடுகளைக் களிமண்ணில் மாதிரி செய்து கொத்தருக்குக் காட்டினாரென்பர். அவருடைய ஒப்பிலக்கணத்தைப் போற்றும் நாம் அக்களிமண்ணை மறந்தோம்.

தொழிற்பயிற்சி நிலையங்கள் இல்லாமலில்லை. ஆயினும் நாட்கூலியால் குடும்பத்தைத் தாங்கும் முப்பது வயதினர் வேலையை விட்டுப் படிக்கச் சென்றால் வீட்டில் உலை வைப்பது எங்ஙனம்? கட்டிடச் செலவின்மேல் தொழிலாளர் நலத்துக்கென வசூலிக்கும் தீர்வையிலிருந்து, பயிலும் நாட்களுக்குக் கூலி தருதலே நியாயம். பெண்களுக்கும் அவ்வாறே.

நம் கலாசாலை செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஞாயிறு மாலைகளில் பூட்டிக்கிடக்கும் ரசாயன சாலையை இவர்களுக்குத் திறந்துவிடலாம். சுண்ணாம்புத் தெளிநீரில் ஓர் ஆணியும் கடல்நீரில் ஓர் ஆணியும் இட்டு, மறுவாரம் எடுத்துக் காட்டினாற் போதும், முதற்பாடம் முடிந்தது. அதற்கு ஈடாக, தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராக நிறுத்த நம் பி.ஏ. மாணாக்கருக்கு அவர்கள் கற்பிக்கட்டும்.