முப்பத்தோராவது ஆடு

வெள்ளத்தில் நாற்பது ஆடு செத்தால் முப்பதுக்குத்தான் பணம். மீதிப் பத்தும் அரசுக் கணக்கில் சாகவே இல்லை. மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிகளை 2022-ல் திருத்தியவர்கள், ஆட்டுக்கு 3,000 ரூபாய் என்றிருந்ததை 4,000 ஆக்கிவிட்டு, கடமை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு 30 ஆடு அல்லது 3 கறவை மாடு என்ற உச்சவரம்பில் கை வைக்கவில்லை. அதற்கு மேல் எத்தனை செத்தாலும் கணக்கில் வராது என்று விதியிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

யாரை மனத்தில் வைத்து இந்த முப்பது? கர்நாடகத்தின் கொப்பளத்திலும் பெலகாவியிலும் ஆடு மேய்க்கும் குருபர் சமூகத்தாரின் மந்தை என்றால் நூற்றுக்கணக்கில் இருக்கும். தோளில் கம்பளியோடு மாதக்கணக்கில் ஊர் ஊராக மேய்ச்சல். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் எருவுக்காக வயல்காரர் தானியமோ காசோ கொடுப்பார். அதுதான் வருமானம், மந்தைதான் சேமிப்பு. மழை வலுத்தால் ஆடுகள் முண்டியடித்து ஒன்றாகிவிடும். முன்னால் போகும் ஆடு ஓடையில் இறங்கினால் மொத்தமும் பின்னாலேயே இறங்கும். ஆகவே சாவும் மொத்தமாகவே வருகிறது. 2019-ல் கிருஷ்ணா நதி கரை புரண்டபோது கால்நடையை இழந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எண்பது ஆடு போனவருக்கு அதிகபட்சம் 1,20,000 ரூபாய். வகுத்தால் ஆட்டுக்கு 1,500. பெங்களூரு ஒக்கலிபுரம் கறிக்கடையில் இரண்டு கிலோ வாங்கினால் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இதற்குப் பெயர் நிவாரணமாம்! கர்நாடகத்தின் அனுக்ரஹ திட்டம்கூட, விபத்தில் சாகும் ஆட்டுக்கு 2025 பட்ஜெட்டில் 7,500 ரூபாய் அறிவித்தது. தமிழ்நாட்டில் 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பலியான ஆட்டுக்கும் அதே 4,000தான். மாநிலம் மாறினாலும் கஞ்சத்தனம் மாறவில்லை.

திறந்த வெளியில் மேய்ப்பவர் அதிகம் அஞ்சுவது மின்னலுக்கு. 2022 விதியின் 12 பேரிடர்களில் மின்னல் இல்லை. பனிச்சரிவு இருக்கிறது! மின்னலை வேண்டுமானால் மாநிலங்கள் தம் பேரிடர் நிதியில் 10 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். கொப்பளத்தில் யார் கண்டார் பனிச்சரிவை?

இதே மத்திய அரசின் பழைய சாதனைகளையும் மறக்க முடியாது. 2023-ல் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறண்டன. மாநிலம் கேட்டது 18,171 கோடி ரூபாய். மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. பணம் வரவில்லை. மாநில அரசு உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு, 2024 ஏப்ரல் கடைசியில் வந்தது 3,454 கோடி, கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் தீவனம் வாங்க வழியில்லாதவர்கள் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போயிருந்தார்கள். வந்த விலைக்கு விற்ற மாட்டுக்கு எந்த விதியிலும் நிவாரணம் கிடையாது.

கேட்டால் நிதி வரம்பு என்பார்கள், முறைகேடு நடக்கும் என்பார்கள். முறைகேட்டைப் பிடிக்கக் கால்நடை மருத்துவரும் தாசில்தாரும் எதற்கு இருக்கிறார்கள்? சிலர் பொய்க் கணக்கு காட்டலாம் என்ற சந்தேகத்துக்காக, உண்மையிலேயே இழந்தவர் வயிற்றில் அடிப்பது நிர்வாகம் அல்ல, சோம்பேறித்தனம்.

மந்தை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களைக் கேட்டு விதியைப் புதிதாக எழுதட்டும். இழப்பைப் பார்த்துப் பணம் தரட்டும். முடியாதென்றால், நிவாரணத்துக்கு உச்சவரம்பு போட்டவர்கள் வெள்ளத்துக்கும் ஒன்று போட்டுக் காட்டட்டும்.