படியும் மூலமும்

பழைய பொருளொன்றின் மூல உறுப்பு கிடைக்காதபோது, அதேபோல் புதிதாகச் செய்து பொருத்தினால் அது பழைய பொருள்தானா? ‘போலி’ என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

நீலகிரி மலை இரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உருவானவை. தண்டவாளங்களின் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றி மலையேறுபவை. அவற்றின் உறுப்புகள் கடையில் கிடைப்பவையல்ல. பொன்மலைப் பணிமனை அவற்றைத் தானே செய்தது. 2011 முதல் முழு எஞ்சின்களையே செய்து அனுப்பியது. செய்யாதிருந்தால், 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையில் நீராவி மெல்ல அடங்கியிருக்கும்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதிதன்று. சங்கப் புலவர் காலத்து ஏடு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஓலை செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் படியெடுத்தார். அந்தப் படியையும் இன்னொருவர் படியெடுத்தார். 1894இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது அத்தகைய படிகளைக் கொண்டுதான். படியைப் போலி என்றால் நமக்கு இலக்கியமே இல்லை. ஆனால் நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை மறைப்பதில்லை. அதுபோலப் புதிய உறுப்பிலும் செய்த ஆண்டு பொறிக்கப்படவேண்டும். படியெடுத்தல் குற்றமன்று, படியை மூலமென்று சாதிப்பதே குற்றம்.

இனி எங்கள் தூத்துக்குடிக்கு வருவோம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளில் எஞ்சின் ஏறியது, பாய் இறங்கியது. ஏரா, வங்கு, பருமல், கலப்பத்து என்னும் சொற்கள் அகராதியில் இருக்கின்றன. அத்தோணிகளின் வாழ்வை 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவலில் காணலாம். ஆனால் வங்கின் வளைவை நாவல் தராது. எஞ்சினுக்கு வரைபடம் உண்டு. தோணியின் அளவோ பெரும்பாலும் ஓடாவியின் கண்ணிலும் கையிலும் இருப்பது.

ஆகவே, பழைய தோணியொன்றை அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். அது ஒற்றைச் சுவடி. ஒருநாள் அதுவும் உளுத்துப்போகும். மூத்த ஓடாவிகளிடம் உறுப்புதோறும் அளவெடுத்து வரையவேண்டும். அவர்கள் மேற்பார்வையில் இளையோர் ஒரு பாய்மரத் தோணியையேனும் புதிதாகக் கட்டவேண்டும். நாம் காக்கவேண்டியது ஓலையைவிட, படியெடுக்கத் தெரிந்த கையை.