ஒரு டப்பா வண்ணமும் ஒரு திண்ணையும்



மழை ஓய்ந்து நல்ல வெயில் அடிக்கத் தொடங்கிவிட்டது. பொங்கலுக்கு இன்னும் சில வாரங்கள்தான். வெள்ளையடிக்க ஆள் தேடும் காலம். இந்தச் சமயத்தில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "எங்களுடையது சாதாரண வீடு. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், அவ்வளவுதான். எலிவேஷன் வைக்க வசதியில்லை. வாசல் பக்கத்தையாவது பார்க்கும்படி ஆக்க முடியுமா?"

முடியும் என்று உறுதியாகச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

இப்படிக் கேட்பவர்களில் பலர் தொகுப்பு வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் இருப்பவர்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். அதைக்கொண்டு கூரை போட்டுப் பூச்சு வேலையை முடிப்பதற்குள் கை காலியாகிவிடும். முகப்பைப் பற்றி யோசிக்க எங்கே மிச்சம்? ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 அடி அகலம், 10 அடி உயரமுள்ள முன்சுவர் 200 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் 150 சதுர அடிக்குச் சற்று மேலே வரும். பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில், வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி பிடிக்கும். அதாவது 4 லிட்டர் டப்பா ஒன்று போதும். வீடு முழுக்க அடிக்கக் காசில்லையே என்றுதான் பலரும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். இந்தப் பொங்கலுக்கு முன்சுவர், அடுத்த பொங்கலுக்குப் பக்கச்சுவர் என்று பிரித்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் டப்பாவைத் திறக்க அவசரப்படாதீர்கள். முகப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பழைய வண்ணம் அல்ல, தண்ணீர். சன்ஷேடின் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கமாக ஓடிவந்து சுவரில் இறங்கும் மழைநீர்தான் அந்தக் கறுப்புக் கோடுகளை வரைகிறது. சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி, நீளவாக்கில் ஒரு சிறு பள்ளக் கோடு இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டி விழுந்துவிடும். கட்டும்போது விட்டுப்போயிருந்தால் இப்போதும் கொத்தனாரைக்கொண்டு போட்டுக்கொள்ளலாம். மொட்டை மாடித் தண்ணீர் விழும் குழாய் குட்டையாக இருந்து சுவரை நனைக்கிறதென்றால், அதோடு ஒரு துண்டு பிவிசி குழாயைச் சேர்த்து நீட்டிவிடுங்கள். சுவரின் கீழ்ப்பகுதி உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்ந்தால், தரையிலிருந்தோ கசியும் குழாயிலிருந்தோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தாமல் எவ்வளவு விலையுள்ள பெயின்ட் அடித்தாலும், அடுத்த மழைக்கு அது தோல் உரிந்துவிடும். உப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்து எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான் போகவேண்டும். வெளியே தெரியாத செலவு என்று தள்ளிப்போடத் தோன்றும், தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது நிறம். பழைய கிராமத்து வீடுகளில் சுவரின் அடியில் ஏறக்குறைய இரண்டடி உயரத்துக்குச் செம்மண்ணோ காவியோ பூசிய பட்டை ஒன்று இருக்கும். அழகுக்கு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். மண் தரையில் விழும் மழைத்துளி சேற்றோடு தெறித்துச் சுவரில் ஏறும் உயரம் அது. சேற்றின் நிறத்தையே அங்கே பூசிவிட்டால் கறை கண்ணில் படாது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டையை மட்டும் புதுப்பித்தாலே வீடு பளிச்சென்று ஆகிவிடும். இன்றைய கான்கிரீட் வீட்டுக்கும் இதைவிட மலிவான உத்தி எனக்குத் தெரியவில்லை. மேலே வெள்ளை அல்லது வெளிர் சந்தனம், கீழே காவிப் பட்டை, கேட்டுக்கும் ஜன்னலுக்கும் மூன்றாவதாக ஒரு நிறம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்ன முகப்பில் ஐந்தாறு நிறங்களைக் கொண்டுவந்தால் வீடு இன்னும் சின்னதாகத்தான் தெரியும்.

எமல்ஷனுக்கும் வழியில்லை என்றால், சுண்ணாம்பை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. சுவரின் ஈரத்தை அடைத்துவைக்காமல் வெளியே விடுகிறது. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வீட்டுக்குள் சூடும் குறையும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பழைய இரும்பு டிரம் நல்லது. குழந்தைகளை அருகில் விடவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஓரிரவு ஊறியதும் துணியில் வடிகட்டி, சுவரை நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. சுரண்டி எடுக்காமல் மேலே பூசினால் உதிர்ந்துபோகும்.

கேட், கிரில் இரண்டுக்கும் உப்புத்தாளும் ரெட் ஆக்சைடு பிரைமரும் கொஞ்சம் எனாமலும் போதும். அதை வீட்டில் உள்ளவர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். தொங்கும் ஒயர்களைச் சேர்த்துக் கிளிப் அடியுங்கள். மின்வாரியத்தின் ஒயரை மட்டும் தொடாதீர்கள். கதவு எண்ணைத் தெருவிலிருந்தே படிக்கும்படி பெரிதாக எழுதி, அதன்மேல் வெளிச்சம் விழும்படி 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போடுங்கள். பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருந்தால் எது புதியது என்பதையும் எழுதிவிடுங்கள். ராத்திரியில் 108 ஆம்புலன்ஸ் தெருவில் நுழையும்போது அதன் அருமை தெரியும். செடிகளுக்கு நர்சரிக்குக்கூடப் போக வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கும் குச்சியிலேயே துளிர்க்கும். காலியான பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டால் தொட்டி தயார்.

இவ்வளவுக்கும் பிறகு கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் பலரும் எலிவேஷன் டைல்ஸ் பக்கம் போகிறார்கள். என் யோசனை வேறு. ஒரு திண்ணை கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம், வாசலுக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் போதும். வெளியே செங்கல், உள்ளே உடைந்த கல்லும் மண்ணும் நிரப்பி, மேலே ரெட் ஆக்சைடு கலந்த சிமென்ட் பூச்சு. டைல்ஸ் ஒட்டிய சுவரைப் பார்க்க மட்டும்தான் முடியும். திண்ணையில் பூக்காரம்மா கூடையை இறக்கிவைப்பார், தபால்காரர் ஒரு நிமிடம் உட்காருவார், சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தெருவோடு பேசிக்கொண்டிருப்பார்கள். கட்டும்போது சாலை மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் படிகள் புதைந்துபோன தெருக்கள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் அதற்காகச் சாய்தளத்தை நீட்டி வடிகாலை மூடிவிடாதீர்கள். மூடினால் அடுத்த மழையில் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள்ளும் வரும், பக்கத்து வீட்டுக்குள்ளும் வரும்.

புதுச்சேரி போகிறவர்கள் வைசியாள் வீதியை ஒருமுறை நடந்து பாருங்கள். திண்ணையும் தெருவை ஒட்டிய தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்புகளை இன்டாக் அமைப்பு வரிசையாகப் புதுப்பித்தது. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஒரு வீட்டை மட்டும் எடுத்துச் செய்திருந்தால் அந்தத் தெருவுக்கு இத்தனை அழகு வந்திருக்காது. உங்கள் தெருவிலும் நாலைந்து வீட்டார் சேர்ந்தால் 20 லிட்டர் வாளியாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே பெயின்டர், ஒரே ஏணி, ஒரே சாரம் எல்லோருக்கும் ஆகும், செலவும் குறையும்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். வெள்ளை பிடித்து நிற்பதற்காகச் சுண்ணாம்பில் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொன்றைக் கலந்தார்கள். கஞ்சி, வஜ்ஜிரம், கல் உப்பு, பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம். உங்கள் ஊரில் என்ன கலந்தார்கள், எவ்வளவு கலந்தார்கள், எத்தனை நாள் ஊறவைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடமும் வெள்ளையடித்துப் பழகிய கொத்தனாரிடமும் கேட்டு எழுதுங்கள். தை இதழில் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்