கோடரியாகும் உதவி

 

வேலையிழந்தவர் பல வேளைகளில் அரசு அலுவலகத்திற்கு முன்பாகத் தம் தெருவின் வழிபாட்டுத் தலத்தையே நாடுகிறார். இதை உணர்ந்த அமெரிக்கா, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமய அமைப்புகளும் அரசு நிதி பெற வழி திறந்தது. 2001 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வெள்ளை மாளிகையிலேயே இதற்கெனத் தனி அலுவலகம் அமைத்தார். தொழிலாளர் துறையும் சிறு அமைப்புகளுக்கு மானியம் அளித்தது. நேரடி மானியத்தை வழிபாட்டிற்கோ பிரசாரத்திற்கோ செலவிடலாகாது. நாடி வருபவரை மதம் பார்த்து விலக்கலாகாது. நிபந்தனை நியாயமானதே. பசித்தவனின் ஈமானை விலை பேசுவது தருமமாகாது.

வேலையின்மை மிகுந்த பகுதிக்கே இத்தகைய நிதி முதலில் சேர வேண்டும். யாசித்து வந்தவரின் போர்வையையும் பாத்திரத்தையும் விற்று, கோடரி வாங்கச் செய்து, விறகு வெட்ட அனுப்பினார்கள் நபி (ஸல்) அவர்கள் என்பது ஹதீஸ் அறிவிப்பு.

நாம் கொடுக்கும் ஸதகா ஒருவேளைச் சோறாக முடிகிறதா, ஒருவரின் கையில் கோடரியாகிறதா? சிந்திப்போமாக!