டார்ச்சுக்குள் ஒரு லேசர்

1960 மே 16-ம் தேதி கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் உலகின் முதல் லேசரை ஒளிரச் செய்தார். செயற்கை மாணிக்கத் துண்டு ஒன்று, அதைச் சுற்றிப் புகைப்படக்காரர்களின் சுருள் ஃபிளாஷ் விளக்கு, இரண்டையும் மூடிய ஓர் அலுமினியக் குழாய். அவ்வளவுதான் கருவி. இன்று தில்லி லஜ்பத்ராய் மார்க்கெட்டிலும் மும்பை லாமிங்டன் ரோட்டிலும் சிவப்பு லேசர் டயோடு, லென்ஸ், சிறு சர்க்யூட் எல்லாம் சேர்ந்த தொகுப்பு சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்காதது கூடு. அதற்குத்தான் கல்லூரி மாணவர்கள் டார்ச் லைட்டைத் தேடுகிறார்கள்.

நல்ல யோசனைதான். பேட்டரி, சுவிட்ச், குழாய் மூன்றும் அதில் தயாராக இருக்கின்றன. ஆனால் எந்த டார்ச்?

முதலில் உலோகமா, பிளாஸ்டிக்கா என்ற கேள்வி. 3 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் எடுக்கும் தொகுப்பு 90 மில்லிவாட் மின்சாரத்தை விழுங்குகிறது. ஒளியாக வெளிவருவது 5 மில்லிவாட். மிச்சமெல்லாம் சூடு. டயோடு சூடானால் அதே மின்னோட்டத்துக்குக் குறைவான ஒளியே தரும், ஆயுளும் குறையும். பிளாஸ்டிக் கூட்டில் சூடு உள்ளேயே தங்கிவிடும். அலுமினியம் அதை வாங்கிக் கையில் பரப்பிவிடும். ஆகவே அலுமினியம்.

அடுத்தது அளவு. டயோடு பொருத்திய பித்தளைக் குப்பி 12 மி.மீ. விட்டத்தில் வருவது வழக்கம். பென்டார்ச் பேட்டரியின் விட்டம் 14.5 மி.மீ. எனவே பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் மெல்லிய டார்ச்சில் குப்பியைச் சுற்றி ஒன்றரை மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். லேத் பட்டறையில் அலுமினிய வளையம் கடைந்து அதை நிரப்பலாம். ஆடவிடக் கூடாது. குப்பி ஒரு டிகிரி சாய்ந்தாலும் 10 மீட்டர் தள்ளி புள்ளி 17 செ.மீ. விலகிப்போகும். டார்ச்சின் கிண்ணக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். முன்பக்கக் கண்ணாடியும் வேண்டாம். அது ஏறக்குறைய 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பி வேண்டாத இடத்தில் இன்னொரு புள்ளி போடும்.

பேட்டரியிலும் கவனம் தேவை. இரண்டு பென்டார்ச் பேட்டரி சேர்ந்து 3 வோல்ட். தொகுப்புக்கு அது சரி. லித்தியம் பேட்டரி போடும் நவீன டார்ச் அழகாக இருக்கும். ஆனால் முழுதாக சார்ஜ் ஆன லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும். 3 வோல்ட்டுக்குச் செய்த தொகுப்பு அதில் கருகிவிடலாம். இன்னொரு பொறியும் உண்டு. டார்ச்சின் உடல் பொதுவாக நெகடிவ். பல சிவப்பு டயோடுகளின் குப்பியோ பாசிடிவ். இரண்டும் தொட்டால் ஷார்ட். சால்டர் வைக்கும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. தேவையானால் குப்பிக்கு வெப்பம் தாங்கும் மெல்லிய நாடாவை ஒரு சுற்று சுற்றலாம்.

கடைசியாக, யாரும் யோசிக்காத சுவிட்ச். தள்ளி விட்டால் எரிந்துகொண்டே இருக்கும் டார்ச் சுவிட்ச் லேசருக்கு ஆகாது. அழுத்தும்வரை மட்டும் எரியும் பொத்தானே வேண்டும். காரணம், டார்ச்சைப் பார்த்தால் குழந்தை என்ன செய்யும்? எடுத்து எதிரே இருப்பவர் முகத்தில் அடிக்கும். இல்லாவிட்டால் தன் கண்ணருகே வைத்துப் பார்க்கும். கூட்டின் வடிவமே அப்படிச் செய்யச் சொல்கிறது. லேசர் கதிரைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஊசிமுனைப் புள்ளியாகக் குவிக்கும். 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால் கால் விநாடியில் மூடிக்கொள்ளும் இமை காப்பாற்றும். 5 மில்லிவாட்டில் அந்த உத்தரவாதம் தேய்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. கருகிய இடம் மீண்டும் முளைக்காது.

பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து எடுக்கும் டயோடு 100 மில்லிவாட்டைத் தாண்டும். டார்ச்சுக்குள் அதற்கு இடமே கிடையாது. மலிவான பச்சை லேசரும் வேண்டாம். 10 மில்லிவாட் என்று விற்கப்பட்ட ஒன்றை 2010-ல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனம் சோதித்தபோது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் மட்டுமே 20 மில்லிவாட் அளவுக்குக் கசிந்தது. உள்ளே ஒரு வடிகட்டி இல்லாததே காரணம்.

ஆகவே, மெல்லிய அலுமினிய டார்ச், இரண்டு பென்டார்ச் பேட்டரி, அழுத்து பொத்தான், 5 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு டயோடு. கூட்டின் மேல் 'லேசர், கண்ணில் அடிக்காதே' என்று வீட்டில் எல்லோருக்கும் புரியும் மொழியில் ஒரு சீட்டு. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டால், அதை டார்ச் என்று நினைத்து எடுப்பவர் கையில் வெறும் குழாய்தான் இருக்கும்.