கடைச்சற் பட்டறைக்கு முதல் தேவை உலர்ந்த மரம்

எனது மேசையில் ஒரு மரக் கிண்ணம் இருக்கிறது. பலாவின் மஞ்சளும் புளிய வைரத்தின் கருங்கபிலமும் மாறி மாறி வளையங்களாக வரும் அழகான கிண்ணம். கிராமப் பயிற்சி நெறியொன்றின் இறுதிநாட் கண்காட்சியில் அதை வாங்கினேன். நான்கு மாதங்களில், இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் நகம் நுழையுமளவுக்கு வெடிப்பு விழுந்தது. செய்த இளைஞரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஐயா, மரம் பச்சை எண்டு எனக்குத் தெரியும். ஆனா கண்காட்சிக்கு நாள் குறிச்சாச்சு. நான் என்ன செய்யிறது?" என்றார்.

இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லர். கிராமியத் தொழில்களுக்கு உதவ முன்வரும் நாமே பதில் சொல்ல வேண்டும்.

அந்த இளைஞரின் கைத்திறமையில் குறையில்லை. இருநிறக் கிண்ணம் செய்வது இலேசான வேலையன்று. ஒரு வளையத்துக்கு 12 துண்டுகள் என்றால், ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் 15 பாகையில் அறுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிசகினால், 24 வெட்டுகளிலும் சேர்ந்து 12 பாகை பிசகிவிடும், வளையம் பொருந்தாது. பொருந்திய வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கடைச்சல் இயந்திரத்திற் பூட்டிக் கடைய வேண்டும். அதன் பின்னரும் ஆபத்து உண்டு. கறுத்த மரத்தின் தூள் வெளிர் மரத்தின் நுண்துளைகளுக்குள் ஏறினால் மஞ்சள் அழுக்காகிவிடும். ஆகவே வெளிர் மரத்துக்கு முதலில் மெல்லிய அரக்குப் பூச்சுக் கொடுத்து, கூரிய உளியாற் சுரண்டி மட்டமாக்கி, சாண்ட் பேப்பரைக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும். இவையெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. அவரிடம் இல்லாதது ஒன்றே: உலர்ந்த மரம்.

மரம் உலரும்போது சுருங்கும். நீளப்பக்கம் அநேகமாகச் சுருங்காது. அகலப்பக்கமே சுருங்கும், அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கிற் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. மரத்துக்கு மரம் இந்த அளவு வேறுபடும். ஒரே மரத்தாற் செய்த கிண்ணம் சற்றுக் கோணினாலும் தப்பிவிடும். இரு மரங்களைப் பசையாற் பிணைத்தால் ஒன்று சுருங்க நினைக்கும், மற்றது விடாது. ஈற்றில் பொருத்து விடும், அல்லது மெல்லிய சுவர் பிளக்கும். கடல்கடந்து போகும் கிண்ணத்துக்கு இது இன்னும் கடுமையான சோதனை. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீடுகளின் காற்று எமது காற்றைவிட மிகவும் உலர்ந்தது. இங்கே உலர்ந்துவிட்டது என்று நாம் எண்ணும் மரம் அங்கே மேலும் சுருங்கும். ஒரு கிண்ணம் வெடித்தால் அடுத்த கட்டளை வராது.

ஓர் அங்குலப் பலகை காற்றில் உலர ஏறத்தாழ ஓர் ஆண்டு வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பயிற்சி நெறியோ சில மாதங்கள். கடனின் முதற் தவணையோ அடுத்த மாதமே. இதற்குள் உலர்ந்த மரம் எங்கிருந்து வரும்? இயந்திரம் கொடுக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம், புகைப்படமும் எடுக்கிறோம். காத்திருக்கும் காலத்துக்கு மட்டும் ஒன்றும் கொடுப்பதில்லை. வசதியுள்ள தளபாடக் கடைக்காரர் மரத்தை வாங்கி அடுக்கிவிட்டுக் காத்திருப்பார். ஏழைக் கைப்பணியாளரால் அது முடியாது. அந்த ஓர் ஆண்டே இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

எனவே அடுத்த இயந்திரத்தை வாங்குமுன், ஊருக்கு ஒரு பொது உலர்த்தற் கொட்டில் அமைக்கும்படி கேட்கிறேன். இதற்குப் பெருஞ் செலவில்லை. மேலே கிடுகுக் கூரை, நாற்புறமும் காற்றோட்டம், நிலத்திலிருந்து உயர்த்திய தளம் போதும். மரக்காலைகளில் விறகாகப் போகும் வெட்டுத் துண்டுகளைச் சங்கம் வாங்கட்டும். முனைகளுக்கு மெழுகோ பெயின்றோ பூசி, இடையிடையே சலாகை வைத்து அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் திகதி எழுதட்டும். ஈரப்பதம் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பலகையை மாதந்தோறும் கடைத் தராசில் நிறுத்துக் குறித்துவந்தால், நிறை குறைவது நிற்கும்போது மரம் கூரையின் கீழ் உலரக்கூடிய அளவுக்கு உலர்ந்துவிட்டது என்று அறியலாம். கடன் கொடுப்போர் முதலாண்டிற் தவணை கேளாதிருக்கட்டும்.

"ஓர் ஆண்டு சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதுவரை ஒற்றை மரத்தில் மத்து, பூரிக்கட்டை, முக்காலிக் கால் போன்றவற்றைக் கடையலாம். பச்சை மரத்தையே தடித்த கிண்ணமாக, விட்டத்தின் பத்திலொரு பங்கு சுவர்த் தடிப்பு இருக்கும்படி, முதலிற் கடைந்து வைக்கலாம். சில மாதங்களில் அது கோணி உலர்ந்தபின் மீண்டும் கடைந்தால் வட்டமாகும். காத்திருப்பு என்பது சும்மா இருப்பதன்று.

எந்த மரம் என்பதிலும் கவனம் தேவை. காலியில் 19ஆம் நூற்றாண்டில் பல நிற மரங்களைப் பதித்துச் செய்த பெட்டிகளும் மேசைகளும் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றுக்குப் பெயர்பெற்ற, சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படும் வரிமரம் வெட்டி வெட்டியே அருகிப்போயிற்று. கருங்காலியையும் அந்த வழியில் அனுப்பக் கூடாது. கறுப்புக்குப் புளிய வைரம் போதும். மஞ்சளுக்குப் பலா உண்டு. ஆனால் பலாவைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நாம் தேடுவது புதிதாக வீழ்த்திய மரத்தையன்று, ஏற்கெனவே அரிந்த மரத்தின் மீதியையே.

வெடித்த கிண்ணத்தை நான் எறியவில்லை. புதிய பயிற்சித் திட்டம் ஒன்றுக்கு ஆலோசனை கேட்டு யாராவது வந்தால் அதைக் கையிற் கொடுப்பேன். வெடிப்பில் நகத்தை வைத்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு, "உங்கள் திட்டத்தில் மரம் உலர எத்தனை மாதம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன்.