பெருங்குடலுக்காக யார் பேசுவது?

2025 அக்டோபர் 14ஆம் தேதி உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட உத்தரவை இதற்குள் படித்திருப்பீர்கள். எந்தப் பானத்தின் பெயரிலும், முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ கூட, ‘ஓஆர்எஸ்’ (பேதிக்குக் கொடுக்கும் வாய்வழி நீரேற்றக் கரைசல்) என்ற சொல் வரக் கூடாது. 2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும் கொடுத்திருந்த அனுமதிகள் ரத்து. இதற்காக எட்டு ஆண்டுகள் விடாமல் போராடிய ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷுக்கு நம் வணக்கம்.

ஆணையத்தைப் பாராட்ட மட்டும் மனம் வரவில்லை. 2022 ஏப்ரலில் தடுத்ததும் இதே ஆணையம்தான். மூன்றே மாதத்தில், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் அல்ல’ என்று ஒரு வரி அச்சிட்டால் போதும், விற்கலாம் என்று இறங்கி வந்தது. அந்த வரியை யார் படித்தார்கள்? தளவானூரில் குடைவரைக்குப் போகும் வழியில், பேதியான பேரனுக்கு அப்படியொரு பானத்தை உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். “ஓஆரெஸ்னுதான் கேட்டேன் சார், இதத்தான் குடுத்தாங்க. பையன் நல்லா குடிக்கிறான்” என்றார். குடிக்கத்தான் செய்வான், அவ்வளவு இனிப்பு. சர்க்கரை ஏற ஏற ஊடுபரவல் அழுத்தம் ஏறும். பேதி எங்கே நிற்கும்?

சரி, பெயர் மீண்டது. அந்தப் பெயருக்கு உரிய பொட்டலத்துக்குள் இருப்பது என்ன? லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல், எல்லாம் சேர்ந்த ஊடுபரவல் செறிவு 245 மில்லியாஸ்மோல் என்று 2002இல் முடிவான கலவை. முழுக்கச் சிறுகுடலை நம்பிய கலவை. பெருங்குடல் என்று ஒன்று இருப்பதையே அது கண்டுகொள்வதில்லை. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையாவது முறை எழுதுகிறார் என்று பழைய வாசகர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

செஞ்சியில் பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான் வேலூர். அங்கே சிஎம்சியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வி.ஐ. மாதனும் 1993இலேயே காட்டினார்கள்: கடும் பேதியில் பெருங்குடலின் உறிஞ்சும் திறன் குலைகிறது, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உள்ளே செலுத்தினால் அது மீள்கிறது. அமிலத்தை வாய்வழி கொடுத்தால் பெருங்குடல் வரை போய்ச் சேராது. ஆகவே மாவை வெட்டும் நொதியான அமிலேசுக்கு மசியாத மாவைத் தேர்ந்தார்கள். அமைலோஸ் மிகுந்த மாவின் இறுகிய துகளைக் கணைய அமிலேஸால் முழுதாக வெட்ட முடிவதில்லை. தப்பி வந்ததை நுண்ணுயிர்கள் தம் நொதிகளால் உடைத்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆக்குகின்றன. அவற்றோடு சேர்ந்து சோடியமும் நீரும் உள்ளே போகின்றன. காலரா நஞ்சு உயிரணுவில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை எவ்வளவு ஏற்றினாலும் இந்த வழி அடைபடுவதில்லை. இதன் அழகே அதுதான்.

ஆய்வாளர் ஹென்றி பைண்டரோடு சேர்ந்து ராமகிருஷ்ணா 48 காலரா நோயாளிகளிடம் செய்த சோதனை, 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான கரைசலில் 90.9 மணி நேரம் நீடித்த பேதி, அரிசி மாவு சேர்த்தபோது 70.8 மணி, லிட்டருக்கு 50 கிராம் உயர் அமைலோஸ் மக்காச்சோள மாவு சேர்த்தபோது 56.7 மணி. 2006இல் குழந்தைகளிடம் பார்த்தார்கள். 2008இல் இன்றைய குறைந்த அழுத்தக் கரைசலோடு பெரியவர்களிடம் பார்த்தார்கள். பேதிக் காலம் 55 விழுக்காடு குறைந்தது. எல்லாம் சிறிய ஆய்வுகள், மறுக்கவில்லை. பெரிய ஆய்வை நடத்த வேண்டியது யார்?

உணவு ஆணையத்தைக் கேட்டால், பொட்டலம் மருந்து, எங்கள் எல்லை அல்ல என்று சொல்லிவிடலாம். மருந்துக் கட்டுப்பாட்டை இன்னொரு அலுவலகம் பார்க்கிறது. இரண்டும் ஒரே சுகாதார அமைச்சகத்தின் கீழ்தானே இருக்கின்றன? ஒரு பானத்தின் பெயருக்காக மூன்றரை ஆண்டில் நான்கு உத்தரவு எழுத நேரம் இருந்திருக்கிறது. வேலூர் முடிவு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஆண்டுதோறும் வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாமில் அதே பொட்டலம், அதே துத்தநாக மாத்திரை. நம் ஊர் நோயாளிகளிடம், நம் ஊர் ஆய்வகத்தில் பிறந்த அறிவு நம் ஊர்ப் பொட்டலத்துக்குள் வரவில்லை.

பழைய சோற்றுத் தண்ணீர் போதாதா என்று கேட்கும் கடிதங்களுக்கு: ஆறிய சோற்றில் செரிமானத்துக்குத் தப்பும் மாவு உண்டு. அதன் அளவு அரிசிக்கு அரிசி மாறும். கரைசலுக்கு அது மாற்றல்ல. சோறு உண்ணும் குழந்தைக்குச் சோற்றை நிறுத்தவும் வேண்டாம்.

‘ஓஆர்எஸ்’ பெயரோடு வந்த பானங்களின் பழைய சரக்கு இன்னும் கடைகளில் இருக்கலாம். செஞ்சி வட்டத்து வாசகர்கள் உங்கள் தெருக் கடைகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைத் தொகுத்து ஆணையத்துக்குக் கடிதமாக அனுப்புகிறோம். அந்தக் கடிதத்தில் பெருங்குடலைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கும், அவர்கள் கேட்காவிட்டாலும்.